தூதரின் உச்சரிப்பு சரியில்லை

முப்பத்தோரு வருஷம் ஒரு மொழியைப் பேசிய மனிதருக்கு அந்த மொழி சரியாக வரவில்லை என்று எழுத்தில் கொடுக்க ஒரு நிறுவனம் இருக்கிறது. மூன்று மாடி. வாசலில் நீரூற்று உண்டு, நீர் மட்டும் கிடையாது. உள்ளே நாற்பத்தாறு பேர் வேலை பார்க்கிறார்கள். அந்த மொழியைப் பேசியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்கு அங்கே வேலை இல்லை.

அந்த ஒருவருடைய மகள் ஒரு மருந்துக்கடையில் கவுண்ட்டரில் நிற்பவள். மாலை நான்கரைக்குப் போனால் ஒன்பது மணிக்குத் திரும்புவாள். எந்த டாக்டரின் கிறுக்கலையும் ஒரே பார்வையில் படித்துவிடுவாள் என்று கடையில் பேர் எடுத்திருந்தாள். யாருக்கும் புரியாததைப் புரிந்துகொள்வதுதான் அவள் பிழைப்பு. ஆனால் வீட்டில் அப்பா பேசியது அவளுக்குப் புரியவில்லை.

கதை இதுதான். பழைய நாடகம் ஒன்று உண்டு. மூன்று தலைமுறையாக மேடையேறிய நாடகம். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற ரகம். அதன் மூன்றாம் அங்கத்தில் தூரதேசத்துத் தூதன் ஒருவன் தலையை மூடிய பெரிய முகமூடியோடு அரசவைக்கு வந்து கால் மணி நேரம் பேசுவான். ஒரு எழுத்தும் யாருக்கும் புரியாது. அரசன் விழிப்பான். மந்திரி, எல்லாம் தெரிந்தவன்போல வாய்க்கு வந்தபடி மொழிபெயர்ப்பான். சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். புத்தகத்தில் அந்த இடத்தில் ஒரே ஒரு வரிதான் இருக்கிறது: 'தூதன் தன் மொழியில் பேசுகிறான்.' என்ன பேசுகிறான் என்பதை எழுதிய புண்ணியவான் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கால் மணி நேரத்தை முப்பத்தோரு வருஷம் தன் வாயால் நிரப்பியவர் அப்பா. ஊரில் அவருக்குப் பெயரே தூதர் என்றாகிவிட்டது.

மகளுக்கு அதில் பெருமை ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் "தூதர் பொண்ணே, வாயைத் திற" என்று சொல்லிவிட்டு அவள் முகத்துக்கு நேரே உளறிக் காட்டுவார்கள். அந்த அவமானத்தில் அவள் அந்த நாடகத்தை ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. கூப்பிட்டுப் பார்த்து அப்பாவும் விட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை, அவர் கழுத்தில் மிச்சமிருந்த சாயத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அதற்கெல்லாம் அர்த்தம் இருக்கிறதா என்று கேட்டாள்.

"இல்லாமயா? அது வேலை செய்ற பாஷைம்மா" என்றார்.

மழுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அதற்குமேல் கேட்கவில்லை.

பிறகு நாடகக் குழு கலைந்தது. ஆட்கள் ஆளுக்கொரு வேலைக்குச் சிதறினார்கள். பேசுவதற்கு ஆள் இல்லாமல் போனபிறகுதான் அந்த மொழிக்கு நல்ல காலம் பிறந்தது. தூதுமொழி உயராய்வு நிறுவனம் தொடங்கப்பட்டது. நாடக ஆசிரியர் அந்த ஒற்றை வரிக்குள் ஒரு முழு மொழியையே ஒளித்துவைத்துவிட்டுப் போனார் என்பது அவர்கள் கொள்கை. எப்போதோ பதிவு செய்த ஒலிநாடாவை வைத்து அறுநூற்று நாற்பது பக்க அகராதியும், இலக்கணம் இரண்டு பாகமும் போட்டார்கள். இரண்டு பாகத்துக்கும் ஒத்துவராததால் இரண்டு துறைகள் வந்தன. இரண்டு துறைகளும் பேசிக்கொள்வதில்லை. ஒலிநாடாவில் பேசியவர் நாலு தெரு தள்ளி மாடி வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் வந்து கேட்கவில்லை.

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. பத்தாம் நாள் வாய் திறந்தார். திறந்தால் தூதன்.

டாக்டருக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இல்லை. மனதிலிருந்து கோத்துப் பேசுகிற பேச்சு போய்விட்டது, வருஷக்கணக்காக வாயில் ஊறினது மட்டும் நின்றிருக்கிறது என்றார். சில பேருக்கு வசவு மட்டும் நிற்குமாம். அந்த மட்டும் தேவலை என்று சிரித்தார்.

அப்பா நாளெல்லாம் அதிகம் பேசவில்லை. இரண்டே வாக்கியம். மதியம் ஜன்னல் வழியாக வெயில் கட்டிலில் விழும்போது "ஓர்பிலி, ஓர்பிலி" என்பார். மாலை நான்கு மணிக்கு அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டியதும் இடது கையை உயர்த்தி, உள்ளங்கையை அவள் பக்கம் காட்டி, "ஜிம்ரா கொலே தஸ்வா" என்பார். ஒரு நாள் தப்பாது. அவள் படியில் இறங்குகிற வரைக்கும் அந்தக் கை இறங்காது.

இதில்தான் அவளுக்குத் தூக்கம் போனது. கடை முதலாளி நல்லவர். இரண்டு வாரம் லீவு இருக்கிறது, வேண்டும்போது எடுத்துக்கொள் என்று சொல்லியிருந்தார். ஆனால் அந்த இரண்டு வாரம்தான் மொத்தமும். இப்போதே எடுத்துத் தீர்த்துவிட்டு, பிறகு அப்பாவுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது? அவர் போ என்கிறாரா, இரு என்கிறாரா என்று தெரிந்தால் போதும். நேராகக் கேட்டுப் பார்த்தாள். "நான் போகட்டுமாப்பா?" தலையை ஆட்டினார். "இருக்கட்டுமா?" அதற்கும் அதே ஆட்டு.

ஆகவே நிறுவனத்துக்குப் போனாள். அந்த மொழிக்கென்றே மூன்று மாடி கட்டி வைத்திருக்கிறார்களே, வேறு எங்கே போவது?

வாசலில் ஒரு வயதான காவலாளி பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கை இரண்டும் காய்ப்புக் காய்த்து, பேனாவைப் பிடிப்பதே உலக்கையைப் பிடிப்பதுபோல இருந்தது. வந்த காரணம் கேட்டார். அவள் சொன்னதும் பேனா நின்றுவிட்டது.

"தூதரோட பொண்ணா நீ? அவருக்கா இப்படி ஆச்சு? என்னம்மா சொல்றாரு, எங்கிட்ட சொல்லு."

அவர் தலைக்குமேலே பலகை ஒன்று தொங்கியது. 'பொருள் தொடர்பான ஐயங்களுக்கு அலுவலகத்தை மட்டுமே அணுகவும்.' அவள் அந்தப் பலகையைப் பார்த்தாள். காவலாளியைப் பார்த்தாள். காலையிலிருந்து அப்பாவைக் குளிப்பாட்டி, துணி துவைத்து, கடையில் ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு வந்திருந்தாள். வாசலிலும் ஒருவருக்குக் கதை சொல்ல அவளிடம் தெம்பு இல்லை.

"எங்க கையெழுத்துப் போடணும், அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள் மாடியிலிருந்து ஒரு அதிகாரி எட்டிப் பார்த்து, ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியது போதாதா என்று அவரைக் கேட்டார். காவலாளி கையெழுத்துப் போடுகிற இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அடுத்த தடவை அவள் போனபோது வாசலில் வேறு ஆள். பழையவரைப் பின்வாசலுக்கு மாற்றிவிட்டார்கள்.

உள்ளே விண்ணப்பம், மூன்று பிரதி. 'பேசுபவரின் கல்வித் தகுதி' என்ற இடத்தில் அவள் 'தூதனாக நடித்தவர்' என்று எழுதினாள். மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதைத் தேடிக்கொண்டிருந்த உச்சரிப்பு அலுவலர், கண்ணாடி கிடைத்ததும் படித்துப் பார்த்துப் பொறுமையாக விளக்கினார். நடிப்பு தகுதியில் வராது. அவர் பேசுவது தூதுமொழிதான் என்று முதலில் நிறுவனம் சான்றளிக்க வேண்டும். சும்மா உளறலாகவும் இருக்கலாம் அல்லவா? உளறலை மொழிபெயர்த்தார்கள் என்று நாளைக்கு யாரும் நிறுவனத்தைப் பார்த்துச் சொல்லிவிடக் கூடாது.

ஒரு வாரம் கழித்து மூன்று பேர் தேர்வுக் குழுவாக வீட்டுக்கு வந்தார்கள். இருந்த இரண்டு நாற்காலியில் யார் உட்காருவது என்பது பதவி மூப்புப்படி முடிவானது. மூன்றாமவர் கட்டிலில் அப்பாவின் காலடியில் உட்கார்ந்தார். முதல் கேள்வி: 'ஓர்பிலி' என்ற சொல்லை ஐந்தாம் வேற்றுமையில் சொல்லவும். அப்பா பேசாமல் பார்த்தார். இரண்டாவது கேள்விக்கும் பார்த்தார். மூன்றாவதுக்கு "ஓர்பிலி" என்றார். அந்த நேரத்தில் ஜன்னல் வழியாக வெயில் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"நடு எழுத்து இழுக்குது பாருங்க" என்றார் உச்சரிப்பு அலுவலர். "மூல வடிவத்துக்கு ரொம்ப தூரத்துல இருக்காரு. கேட்டா உங்களுக்கே தெரியும்."

பையிலிருந்து கருவியை எடுத்து மூல வடிவத்தை ஓடவிட்டார். அறையெல்லாம் ஒரு குரல் எழுந்தது. கனத்த குரல், சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பீரமாக உருட்டுகிற குரல். பின்னால் ஆயிரம் பேர் சிரிக்கிற சத்தம். அது இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அப்பா.

"இந்த மாதிரி சொல்ல முயற்சி பண்ணுங்க ஐயா" என்றார் அலுவலர்.

"சார், அது அப்பாதான்" என்றாள் மகள்.

"இருக்கலாம்மா. அன்னைக்குச் சரியாப் பேசினாரு, நாங்க மறுக்கல. இன்னைக்குத் தேர்வு இன்னைக்குப் பேசுறதுக்குத்தான்."

அப்பா கருவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரமாகக் கண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் போனது. அவள் துடைத்தாள். மூன்றாமவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார்: 'மொழியுணர்வு உண்டு.' அதற்கு நாலு மதிப்பெண். மொத்தம் நூற்றுக்கு இருபத்தெட்டு. தொடக்கநிலை கற்பவர் என்று சான்றிதழ் வந்தது. முப்பத்தைந்து எடுக்காவிட்டால் மொழிபெயர்ப்புச் சேவை கிடையாது. மனிதாபிமான அடிப்படையில் ஏழு மதிப்பெண் கருணையாகக் கேட்டு அவள் இன்னொரு விண்ணப்பம் போட்டாள். கருணைக்கும் மூன்று பிரதி.

கடைசியில் இயக்குநரே கூப்பிட்டனுப்பினார். அறை குளிர்ந்தது. சுவரில் நாடக ஆசிரியர் படம். அதற்குக் கீழே இயக்குநர் படம், கொஞ்சம் பெரிதாக.

"உங்கப்பாவைத் தப்பாச் சொல்லலம்மா" என்றார். "ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும். ஒரு மொழிக்கு எப்பவும் ஆபத்து அதைப் பேசுறவங்களாலதான். அவங்க இஷ்டத்துக்குப் பேசிட்டுப் போயிடுவாங்க. அர்த்தத்தைக் காப்பாத்தறது நாங்க. உங்கப்பாவுக்கு அவர் சொல்றது தெரியாது. எங்களுக்குத் தெரியும். அதனாலதான் அவர் அங்க இருக்காரு, நான் இங்க இருக்கேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. மொழிபெயர்த்த காகிதம் வேண்டும், கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணைத் தொடாமல், இயக்குநரின் கருணையில் காகிதம் கிடைத்தது. வட்ட முத்திரை, நீல மை. ஓர்பிலி: பேரொளி, ஞானத்தின் சுடரை வேண்டி அழைத்தல். ஜிம்ரா கொலே தஸ்வா, கை உயர்த்தும் அபிநயத்துடன்: சென்று வருக, பாதை திறந்திருக்கிறது, என் நெஞ்சம் நிறைந்திருக்கிறது. விடைகொடுக்கும் உயர்வழக்கு.

பஸ்ஸில் நின்றுகொண்டே அதை நாலு தடவை படித்தாள். என் நெஞ்சம் நிறைந்திருக்கிறது. அப்பா ஜென்மத்தில் அப்படியொரு வார்த்தையை அவளிடம் சொன்னதில்லை. மேடைக்கு வராத மகளிடம் எப்படிச் சொல்வார்? இப்போது தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், அவள்தான் புரியாமல் நின்றிருக்கிறாள். பஸ்ஸில் யாரும் பார்க்காதபடி அழுதாள். நல்ல அழுகை, பாரம் இறங்குகிற அழுகை.

மறுநாளிலிருந்து எல்லாம் காகிதத்தின்படி நடந்தது. மதியம் அப்பா "ஓர்பிலி" என்றதும் ஜன்னல் கதவை இரண்டு பக்கமும் அகலத் திறந்துவிட்டாள். கட்டிலையும் நகர்த்தி, முகம் முழுக்க வெயில் படும்படி வைத்தாள். அப்பா கண்ணை இறுக்க மூடிக்கொண்டார், ஓரத்தில் ஈரம் கசிந்தது. பேரொளி கிடைத்த திருப்தி என்று அவள் நினைத்தாள். நான்கு மணிக்குப் பையை மாட்டியதும் கை உயர்ந்தது. "ஜிம்ரா கொலே தஸ்வா." முன்பெல்லாம் அந்த இடத்தில் தயங்கி நிற்பாள். இப்போது கிட்ட வந்து, "போய்ட்டு வரேம்ப்பா. எனக்கும் நெறைஞ்சுதான் இருக்கு" என்று சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கினாள். அப்பா குரல் பின்னாலேயே வந்தது, ஒரு தடவைக்கு மூன்று தடவையாக. என்ன பாசம் என்று நினைத்துக்கொண்டாள். லீவு அப்படியே இருந்தது.

இப்படிப் பதினேழு நாள்.

பதினெட்டாம் நாள், ஐந்து மணிக்கு எட்டிப்பார்க்க வந்த பக்கத்து வீட்டு அக்கா கடைக்கு போன் செய்தாள். அப்பாவின் இடது கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்ததாம். உயிர் எப்போது போனது என்று தெரியவில்லை. ஜன்னல் அகலத் திறந்திருந்தது.

நிறுவனம் இரங்கல் கூட்டம் ஏற்பாடு செய்தது. இறந்தபிறகு அப்பாவுக்கு அங்கே மரியாதை கூடிவிட்டது. இனி அவரால் மொழிக்கு ஆபத்தில்லை. சொந்த அரங்கம், சிவப்புத் திரை. மோட்டார் வாங்கும் ஃபைல் ஆறு வருஷமாக நகர்ந்துகொண்டிருந்ததால் திரைக்கு இன்னமும் கயிறுதான். இழுக்கிற ஆள் வரவில்லை என்று பின்வாசல் காவலாளியைக் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். முன்வரிசையில் 'குடும்பத்தினர்' என்று அட்டை ஒட்டிய ஐந்து நாற்காலி. நாலு காலி.

இயக்குநர் ஐம்பது நிமிஷம் பேசினார். "அவர் தெரியாமலே பேசினார். தெரிந்து பேசியிருந்தால் இந்த நிறுவனமே தேவைப்பட்டிருக்காது. அந்த வகையில் அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்" என்றார். பேச்சிழந்த நிலையிலும் நூற்றுக்கு இருபத்தெட்டு எடுத்தது சாதாரண விஷயமல்ல என்றார். அந்த மதிப்பெண்ணை மறைவுக்குப்பின் நாற்பதாக உயர்த்துவதாக அறிவித்தபோது கைதட்டினார்கள். இறுதியாக, அந்த மாமனிதருக்கு அவர் மொழியிலேயே விடைகொடுப்போம் என்று சொல்லி, இடது கையை உயர்த்தி, குரலை நடுங்கவிட்டு, "ஜிம்ரா கொலே தஸ்வா" என்றார்.

திரை இறங்கவேண்டிய இடம் அது. இறங்கவில்லை.

இயக்குநர் அசையாமல் நின்றார். இன்னொரு தடவை, சற்று அழுத்தி, "ஜிம்ரா கொலே தஸ்வா." திரை அப்படியே இருந்தது. சபையில் யாரோ இருமினார்கள். உயர்த்திய கையை இறக்கினால் அபிநயம் கெடும், இறக்காவிட்டால் கை வலிக்கும். அந்த மனிதர் அந்த நிலையில் புன்னகைத்துக்கொண்டிருந்ததைப் பார்க்கச் சகிக்காமல், மகள் எழுந்து பக்கவாட்டுப் படியேறித் திரை ஓரத்துக்குப் போனாள்.

அந்தக் காய்ப்புக் கைக்காரர் நின்றுகொண்டிருந்தார். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு கையாலும் பிடித்திருந்தார். கண் கலங்கியிருந்தது.

"ஐயா, திரையை இறக்கச் சொல்றாங்க."

"எங்கம்மா சொல்றாரு? இறக்காதேன்னுல்ல சொல்றாரு."

அவளுக்கு விளங்கவில்லை. அவர் மேடையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், மெல்லிய குரலில் சொன்னார். இருபத்திரண்டு வருஷம் தூதருக்குத் திரை இழுத்தவர் அவர். அந்த முகமூடியைப் போட்டால் பக்கம் தெரியாது, ஓரத்தில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்க்க முடியாது. கால் மணி நேரம் மேடையில் தனியாக மாட்டிக்கொண்ட மனிதர், சனத்துக்குத் தெரியாமல் உள்ளே இருக்கிறவர்களிடம் எப்படிப் பேசுவார்?

"புரியாத பாஷைதானே, அதுலயே எங்கள வேலை வாங்கிட்டாரு. ஓர்பிலின்னா, லைட்டு கண்ணைக் குத்துது, திருப்பு. சனம் அதுக்கும் சிரிக்கும். நான் இதை இங்க வந்து சொன்னேன். தகுதி இல்லாம ஊகம் பண்றேன்னு மெமோ கொடுத்தாங்க."

லைட்டு கண்ணைக் குத்துது. அவள் ஜன்னலை நினைத்தாள். கட்டிலை இழுத்துவைத்த சத்தத்தை நினைத்தாள். அடுத்ததைக் கேட்காமலே இறங்கிப் போய்விடலாமா என்று இருந்தது. கேட்டாள்.

"கையைத் தூக்கி இதைச் சொன்னா?"

"நான் இன்னும் முடிக்கல, நீ போயிராதேன்னு அர்த்தம். பக்கத்துலயே நில்லு, கயித்தை விட்டுராதேன்னு." அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "ஒரு நாளும் விட்டதில்லம்மா."

மேடையில் இயக்குநர் மூன்றாவது தடவை சொன்னார். காவலாளியின் கை தானாகவே இறுகியது.

அவள் கைப்பையில் அந்த முத்திரையிட்ட காகிதம் இருந்தது, நாலாக மடித்தபடி. என் நெஞ்சம் நிறைந்திருக்கிறது. பதினேழு நாள், ஒரு நாளைக்கு மூன்று தடவை, படியிறங்குகிற வரைக்கும்.

"முடிச்சா என்ன சொல்வாரு?" என்று கேட்டாள்.

"நல்மின்னு ஒரு வார்த்தை. ரொம்ப மெதுவா. கிட்ட நிக்கிறவனுக்கு மட்டுந்தான் கேக்கும். அது காதுல விழுந்தாத்தான் விடுவேன்." அவர் முதல்முறையாகத் திரும்பி அவளைப் பார்த்தார். "கடைசியில சொன்னாராம்மா, நல்மி?"

"தெரியல ஐயா" என்றாள். "நான் கிட்ட இல்ல."

அவள் பையைத் தரையில் வைத்தாள். அவர் கைகளுக்குக் கீழே, கயிற்றில் இடமிருந்த இடத்தில், தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

அன்று மாலை திரை இறங்கவில்லை. கூட்டம் எழுந்து போய், இயக்குநர் கையைத் தேய்த்துவிட்டபடி இறங்கிப் போய், விளக்கை ஒவ்வொன்றாக அணைத்தபிறகும் இறங்கவில்லை. நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் அது பதிவாகியிருக்கிறது. காரணம் என்ற இடத்தில் 'கயிற்றில் கோளாறு' என்று போட்டிருக்கிறார்கள்.